1997இன் நிரல், 2025இன் கம்பைலர்: பிழையை அடக்குவதா, படிப்பதா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 7 ஜூன் 2025

“ஃபெடோரா லினக்ஸ் 42க்கு மாறிய பின், டூம் விளையாட்டின் பழைய லினக்ஸ் மூலநிரலை எடுத்து, நிரலைக் கட்டும் ‘மேக்’ கட்டளையைக் கொடுத்தேன். தொடக்கத்திலேயே பிழைகள் கொட்டின. இதே நிரல் ஒரு காலத்தில் ஜிசிசி கம்பைலரில் சுத்தமாகக் கம்பைல் ஆனதுதானே? நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியது கம்பைலர் மட்டும்தான். ஆகவே கெட்டுப்போனது கம்பைலர்தான் என்கிறேன். பிழைகளை எச்சரிக்கைகளாக இறக்கிவிடும் தெரிவு ஒன்று இருக்கிறதாமே, அதைப் போட்டால் வேலை முடிந்ததல்லவா?”

7 ஜூன் 2025, இரவு 9.50

கம்பைலர், அதாவது மூலநிரலை இயந்திரம் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் கருவி, கெடவில்லை; அதன் இயல்புநிலை மாறியிருக்கிறது. ஃபெடோரா 42இல் வருவது ஜிசிசி 15. அந்தப் பதிப்பு, தெரிவு எதுவும் கொடுக்காவிட்டால், சி மொழியின் சி23 தரத்தைப் பின்பற்றும். உங்கள் கையில் இருப்பதோ டூமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக் 1997 டிசம்பர் 23 அன்று வெளியிட்ட நிரல். இரண்டுக்கும் நடுவே இருபத்தேழு ஆண்டுகள் கிடக்கின்றன.

இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நிரல் நம்மிடம் வருவதற்கு முன்பே கம்பைலர் மாறிய ஒன்றுதான். கடைகளில் விற்ற டாஸ் பதிப்பை வாட்காம் கம்பைலரில் கட்டினார்கள். அதில் இருந்த ஒலி நூலகம் வேறொருவருடையது என்பதால் அதை வெளியிட இயலாமல், லினக்ஸ் பதிப்பைக் கொடுத்தார்கள். ஆகவே நீங்கள் செய்வது முதல் குடிபெயர்ப்பு அல்ல.

உங்களுக்கு வந்த பிழைகள் பெரும்பாலும் இரண்டு வகையாக இருக்கும். ‘டூம்டைப்.ஹெச்’ கோப்பில் ‘ஃபால்ஸ்’, ‘ட்ரூ’ என்ற இரண்டு பெயர்களை ஓர் எனம் (பெயரிட்ட மாறிலிகளின்) பட்டியலில் வைத்து ‘பூலியன்’ என்ற வகையை உருவாக்கியிருக்கிறார்கள். சி23இல் அவ்விரண்டும் மொழியின் சொந்தச் சொற்களாகிவிட்டன. அவற்றை நாம் எனம் பெயராக வைக்க முடியாது. இரண்டாவது, ‘இன்ஃபோ.சி’ கோப்பின் தலையில் வரிசையாக அறிவிக்கப்பட்டிருக்கும் ஃபங்ஷன்கள். எல்லாவற்றுக்கும் அடைப்புக்குறி வெறுமையாக இருக்கும். பழைய சி மொழியில் வெற்று அடைப்புக்குறி என்றால் ‘எத்தனை ஆர்க்யுமென்ட் (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்பு) என்று இப்போது சொல்லவில்லை’ என்று பொருள். சி23இல் ‘ஒன்றுமே கிடையாது’ என்று பொருள். ஆர்க்யுமென்ட் வாங்கும் ஃபங்ஷனுக்கான பாயிண்டரில் (முகவரியைத் தாங்கும் மாறியில்), ஆர்க்யுமென்ட் வாங்காத ஃபங்ஷனை வைக்கிறாய் என்று கம்பைலர் மறுக்கிறது. முன்பெல்லாம் இத்தகைய பொருந்தாப் பாயிண்டருக்கு எச்சரிக்கையோடு விட்டுவிடும். 2024இல் வந்த ஜிசிசி 14 முதல் அது பிழை.

மேக் படிக்கும் குறிப்புக் கோப்பான மேக்ஃபைலில், பழைய மொழித் தரத்தைக் கேட்கும் ‘-எஸ்டிடி=ஜிஎன்யு89’ தெரிவைச் சேர்த்தால் இரண்டும் ஒரே அடியில் மறையும். நிரலைத் திருத்தித்தான் ஆக வேண்டும் என்று விரும்பினால், எனம் வரியை எடுத்துவிட்டு, ‘பூலியன்’ என்பது மொழியின் ‘பூல்’ வகையே என்று ஒரு டைப்டெஃப் (வகைக்குப் புதுப்பெயர் சூட்டும் வரி) எழுதிவிடுங்கள். முடிந்தது.

7 ஜூன் 2025, இரவு 11.20

விட்டுப்போன இரண்டு. ‘ஐ_வீடியோ.சி’ கோப்பு ‘எர்ர்நோஸ்.ஹெச்’ என்ற ஹெடரை (அறிவிப்புகள் அடங்கிய துணைக்கோப்பை) கேட்கும். அப்படி ஒன்று உங்கள் கணினியில் இல்லை. நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘எஸ்’ எழுத்தை நீக்கினால் போதும். கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர் ‘என்எஸ்எல்’ நூலகத்தைக் காணோம் என்று நிற்குமானால், மேக்ஃபைலிலிருந்து அதை எடுத்துவிடலாம். வலையிணைப்புக்கு இந்த நிரல் அழைப்பவை இன்று முதன்மை சி நூலகத்திலேயே இருக்கின்றன.

இவ்விரண்டுக்கும் கம்பைலரின் வயதுக்கும் தொடர்பே இல்லை. ஆனால் டெர்மினலில் எல்லாம் ஒரே சிவப்பு நிறத்தில் வருவதால் எல்லாம் ஒரே நோய் என்று தோன்றிவிடுகிறது.

8 ஜூன் 2025, காலை 6.30

கேள்வி கேட்டவர் இரவோடு இரவாக எழுதியிருக்கிறார்: தெரிவைச் சேர்த்த பின் பெரும்பாலான கோப்புகள் தாண்டிவிட்டன, ஆனால் ‘எம்_மிஸ்க்.சி’ கோப்பில் ‘தொடக்க மதிப்பை ஏற்றும் நேரத்தில் கணிக்க இயலாது’ என்ற பொருளில் ஒரு பிழை நிற்கிறது, எந்தத் தெரிவுக்கும் மசியவில்லை.

மசியாது. நேற்று நான் அவசரப்பட்டு எழுதியதில் இருந்த ஓட்டை இங்கே தெரிகிறது. ‘மாறியது கம்பைலர் மட்டும்தான்’ என்று அவர் எழுதியதை நானும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டேன். மாறியது கம்பைலர் மட்டும் அல்ல; அடியில் இருக்கும் இயந்திரமும் மாறியிருக்கிறது. 1997இல் இன்டல் கணினியில் ஓடிய லினக்ஸில் ஒரு பாயிண்டருக்கு 4 பைட், ‘இன்ட்’ என்ற முழு எண் வகைக்கும் 4 பைட். இன்று ‘இன்ட்’ 4 பைட்டிலேயே நிற்க, பாயிண்டர் 8 பைட்டாக வளர்ந்துவிட்டது. அந்தக் கோப்பில் அமைப்புகளின் அட்டவணை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், ஒரு மாறியின் முகவரி, ஓர் இயல்பு மதிப்பு. மதிப்பு எண்ணாக இருந்தால் அப்படியே எழுதியிருக்கிறார்கள். சரமாக (எழுத்துத் தொடராக) இருந்தால் அந்தச் சரத்தின் முகவரியை ‘இன்ட்’டாக மாற்றி அதே கட்டத்தில் திணித்திருக்கிறார்கள். எட்டு பைட் முகவரியை நான்கு பைட் கட்டத்தில் லிங்கரால் எழுதிவைக்க முடியாது. மொழித் தரத்தை எந்த ஆண்டுக்குப் பின்னோக்கி நகர்த்தினாலும் அதற்கு வழியில்லை.

மதிப்புக் கட்டத்தை ‘இன்ட்பிடிஆர்_டி’ வகையாக மாற்றிப் பாருங்கள். பாயிண்டரின் அளவுக்கே வளரும் முழு எண் அது.

8 ஜூன் 2025, இரவு 10.15

காலையில் சொன்ன மருந்தை நானே உட்கொண்டு பார்த்தேன். அந்த அட்டவணையையும், அதை ஏற்றும் ஃபங்ஷனையும், சேமிக்கும் ஃபங்ஷனையும் தனிக் கோப்பாக வெட்டியெடுத்து, ஒரு சிறிய மெயின் (நிரல் தொடங்கும் ஃபங்ஷன்) எழுதி ஓட்டினேன். பிழையின்றிக் கம்பைல் ஆனது. ஓடியது. சேமிக்கும் கட்டத்தில் விழுந்தது.

காரணம் எளிது; எளிது என்பதாலேயே எனக்கு வெட்கம். மதிப்புக் கட்டத்தை அகலமாக்கினேனே தவிர, முகவரிக் கட்டம் இன்னும் ‘இன்ட்’டைச் சுட்டும் பாயிண்டராகவே இருந்தது. ஏற்றும்போது எட்டு பைட் மதிப்பை நான்கு பைட் வாசல் வழியாக உள்ளே தள்ளினால், பாதி வெளியே நின்றுவிடும். மவுஸ் சாதனத்தின் பெயரைத் தாங்கும் மாறிக்கு முகவரியின் கீழ்ப்பாதி மட்டும் போய்ச் சேர்ந்தது. சேமிக்க வரும்போது அந்த அரை முகவரியில் சரம் இருக்கிறது என்று நம்பிப் படித்தால் விழாமல் என்ன செய்யும்? வேடிக்கை என்னவென்றால், உரையாடல் சொற்றொடர்களுக்கான மாறிகள் விழவில்லை. அவை நிரலிலேயே முன்கூட்டி மதிப்பிடப்பட்டவை. மேற்பாதி ஏற்கெனவே சரியாக இருந்ததால், கீழ்ப்பாதி மட்டும் மாறியும் தற்செயலாகத் தப்பித்துக்கொண்டன. தற்செயலாக ஓடும் நிரலைப்போல் நேரத்தைக் கொல்வது வேறொன்றில்லை.

சரி, முகவரிக் கட்டத்தையும் அகலமாக்கிவிடலாம் என்று மாற்றினேன். இம்முறை விழவே இல்லை. ஆனால் எண்களை அச்சிட்டுப் பார்த்தால், சில விசைகளின் மதிப்பு 0. மவுஸின் வேகம் போன்ற எண் மாறிகள் இன்னும் நான்கு பைட்தானே! அவற்றின் மேல் எட்டு பைட் எழுதினால், மிச்ச நான்கு பைட் பூச்சியம் பக்கத்து வீட்டு மாறியின் மேல் போய் விழுகிறது. நினைவக அத்துமீறலைப் பிடிக்கும் ‘-எஃப்சானிட்டைஸ்=அட்ரஸ்’ தெரிவோடு மறுபடி கட்டியபோது, அது எழுதிய வரியையும் அடிவாங்கிய மாறியையும் பெயர் சொல்லிக் காட்டியது.

அந்தச் சேமிக்கும் ஃபங்ஷன் எண்ணையும் சரத்தையும் எப்படிப் பிரித்தறிகிறது என்று பார்த்தபோதுதான் சிரிப்பு வந்தது. இயல்பு மதிப்பு −4095க்கும் 4095க்கும் இடைப்பட்டிருந்தால் எண். அதைத் தாண்டினால் முகவரி, ஆகவே சரம். அவ்வளவு கீழான முகவரியில் எந்தச் சரமும் வாழாது என்பது கணக்கு. கணக்கு தப்பவில்லை. இதை எழுதியவர்களைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. அவர்கள் இருந்த இயந்திரத்தில் இது வேலை செய்தது, விளையாட்டு குறித்த நாளில் வெளிவந்தது.

இதற்கு நேர்மையான தீர்வு ஒன்றுதான்: எண்ணுக்கு ஒரு பாயிண்டர், சரத்துக்கு வேறொரு பாயிண்டர் என்று கட்டங்களைப் பிரிப்பது. இருபது நிமிட வேலை. அதைத் தவிர்க்க நான் செலவழித்தது மூன்று மணி நேரம்.

11 ஜூன் 2025, மாலை 5.40

“டர்போ சியில் இதெல்லாம் வராது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் வளர்ந்த நம்மில் பலருக்கு அந்த நீலத்திரைமேல் இருக்கும் பாசம் எனக்கும் உண்டு. வராது என்பதும் உண்மைதான். ஏன் வராது என்பதுதான் விஷயம்.

டர்போ சி++ 1990களின் தொடக்கத்தில் நின்றுவிட்ட கம்பைலர். சி++ மொழிக்கு முதல் தரம் வந்ததே 1998இல். அதனால்தான் ஆய்வக நோட்டில் இருக்கும் ‘ஐஓஸ்ட்ரீம்.ஹெச்’ இன்று கிடைப்பதில்லை. ஜிசிசி பல ஆண்டுகள் பொறுத்திருந்து, 2008இல் வந்த 4.3 பதிப்பில் அந்தப் பழைய ஹெடர்களை எடுத்துவிட்டது. ‘கோனியோ.ஹெச்’, ‘சிஎல்ஆர்எஸ்சிஆர்’ ஆகியவை சி மொழியைச் சேர்ந்தவையே அல்ல, போர்லாண்டின் சொந்தச் சரக்கு. இவை எல்லாம் சத்தம் போடும் பிழைகள். ஒரு பிற்பகலில் தீர்ந்துவிடும்.

சத்தம் போடாதது ‘இன்ட்’டின் அளவு. டர்போ சியில் அது 2 பைட், உச்சம் 32767. 8இன் ஃபேக்டோரியல் 40320 என்று வராமல் −25216 என்று வந்ததை மாணவனாக நான் நோட்டில் அப்படியே எழுதி, கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன்.

கடன்சங்கம் ஒன்றுக்காக 1996இல் டர்போ சியில் ஒரு பேரேட்டு நிரல் எழுதிக் கொடுத்தேன். உறுப்பினர் எண் ஓர் ‘இன்ட்’, பெயருக்கு 25 எழுத்து, இருப்புக்கு ஒரு ‘ஃப்ளோட்’ (பதின்ம எண்). இந்த ஸ்ட்ரக்டை (பல மாறிகளின் தொகுப்பை) அப்படியே கோப்பில் கொட்டுவேன். ஒரு பதிவுக்கு 31 பைட். பத்தாண்டு கழித்து அதை லினக்ஸில் ஜிசிசிக்கு மாற்றினேன். திரையை அழிக்கும் வரிகளை எடுத்தேன், மெயினைத் திருத்தினேன், பிழை ஒன்றும் இல்லை. ஓட்டினால் முதல் உறுப்பினரின் பெயரில் முதல் இரண்டு எழுத்தைக் காணோம். இருப்புத் தொகையோ மனித அறிவுக்கு எட்டாத எண். ‘இன்ட்’ நான்கு பைட்டாகி, பெயருக்குப் பின்னால் கம்பைலர் மூன்று பைட் இடைவெளியும் விட்டதால் அதே ஸ்ட்ரக்ட் 36 பைட்டாகியிருந்தது. குற்றம் முழுக்க என்னுடையது. நினைவகத்தின் வடிவத்தையே கோப்பின் வடிவமாக வைத்தது நான்தான்.

11 ஜூன் 2025, இரவு 8.05

மேலே உள்ளதை எழுதி முடித்துத் தேநீர் குடிக்கும்போது உறைத்தது. 7ஆம் தேதி நான் கொடுத்த ‘பூல்’ ஆலோசனை தவறு. யாரேனும் அதன்படி செய்திருந்தால் தயவுசெய்து பின்வாங்குங்கள்.

டூமின் தரவு முழுவதும் ‘வாட்’ என்ற ஒரே கோப்பில் இருக்கிறது. சுவர்களின் தோற்றங்களை அதிலிருந்து படிக்க, ‘ஆர்_டேட்டா.சி’ கோப்பில் ஒரு ஸ்ட்ரக்டை வட்டில் இருக்கும் பைட்டுகளின் மேல் நேரடியாகப் போர்த்துகிறார்கள். நான் கடன்சங்கத்துக்குச் செய்த அதே வேலை. வட்டில் உள்ள வரிசை இது: பெயர் 8 பைட், அடுத்து ‘பூலியன்’ 4 பைட், பிறகு அகலம் 2, உயரம் 2, பயன்பாடற்றது என்று அவர்களே குறித்துவைத்திருக்கும் ஒரு பாயிண்டர் 4, அதன்பின் துண்டுகளின் எண்ணிக்கை 2. எனம் வகைக்கு ஜிசிசி 4 பைட் ஒதுக்கியதால் எல்லாம் பொருந்தி வந்தது. மொழியின் ‘பூல்’ வகைக்கு 1 பைட். நான் சொன்னபடி செய்தால் அகலம் 12ஆம் பைட்டில் தொடங்காமல் 10ஆம் பைட்டில் தொடங்கும். அங்கே இருப்பது பழைய பூலியனின் மேற்பாதி, அதாவது பூச்சியம். ஆகவே ஒவ்வொரு சுவரின் அகலமும் 0. உயரம் இருக்க வேண்டிய இடத்தில் அகலம் வந்து உட்காரும். கம்பைலர் இதைப் பற்றி ஒரு சொல் பேசாது. பேசவும் இயலாது, ஏனெனில் மொழியின்படி எதுவும் தவறில்லை.

சரியான திருத்தம்: ‘பூலியன்’ என்பதை ‘இன்ட்’ என்று டைப்டெஃப் செய்யுங்கள். ‘ஃபால்ஸ்’, ‘ட்ரூ’ இரண்டையும் சி23 தானே தருகிறது. அவை ‘இன்ட்’டுக்குள் 0, 1 என்று ஒழுங்காக அடங்கும்.

அந்தப் பயன்படாத பாயிண்டரைக் கவனித்தீர்களா? ‘பூல்’ விஷயத்தைச் சரிசெய்த பின்னும், 64 பிட் கணினியில் அது 8 பைட்டாகி, எண்ணிக்கையை 20ஆம் பைட்டிலிருந்து 24ஆம் பைட்டுக்குத் தள்ளிவிடும். அந்த இடத்தில் உண்மையில் இருப்பது முதல் துண்டின் செங்குத்து நிலை. அது பெரும்பாலும் 0 என்பதால், சுவருக்குத் துண்டே இல்லை என்று நிரல் முடிவுசெய்து, ‘துண்டு இல்லாத நெடுவரிசை’ என்று திரை முழுக்கப் புலம்பும். ஒருவரும் பயன்படுத்தாத ஓர் உறுப்பு, வெறுமனே தடித்ததால், விளையாட்டையே நிறுத்துகிறது. அதையும் ‘இன்ட்’ ஆக்கிவிடுங்கள்.

12 ஜூன் 2025, காலை 7.10

மிச்சமிருக்கும் பொறிகளைத் தேடும் முறை.

பாயிண்டரை ‘இன்ட்’டாக மாற்றும் இடங்களுக்கு ஜிசிசி தானாகவே எச்சரிக்கை தருகிறது: ‘அளவு வேறுபட்ட முழு எண்ணாகப் பாயிண்டரை மாற்றுகிறாய்’ என்பது அதன் சாரம். பிழை அல்ல, எச்சரிக்கைதான். மேக் நிற்காமல் ஓடிவிடும். வண்ண அட்டவணையை 256 பைட் எல்லையில் நிறுத்துவதற்காக முகவரியை ‘இன்ட்’டாக்கி, 255 கூட்டி, கீழ் எட்டு பிட்டுகளை அழித்து, மறுபடி பாயிண்டராக்கும் ஒரு வரி ‘ஆர்_டேட்டா.சி’யில் உண்டு. விளையாட்டைச் சேமிக்கும் கோப்பிலும் 4 பைட் எல்லைக்காக இதே போன்ற கணக்கு இருக்கிறது. சேமிக்கும் இடத்தில் கீழ் இரண்டு பிட்டுகள் மட்டும் தேவை என்பதால் வெட்டுப்பட்டாலும் விடை சரியாக வரும். வண்ண அட்டவணையிலோ வெட்டுப்பட்ட முகவரியே பாயிண்டராகத் திரும்பி வருவதால் நிரல் உடனே விழும். ஒரே எச்சரிக்கை, ஒன்று சாது, ஒன்று கொலைகாரன். படித்தால்தான் தெரியும்.

எச்சரிக்கைகூட வராத இடங்கள்தான் மோசம். பாயிண்டர்களின் பட்டியலுக்கு இடம் ஒதுக்கும்போது ‘எண்ணிக்கை பெருக்கல் 4’ என்று எழுதியிருக்கிறார்கள். தோற்றங்களின் பட்டியலிலும் ‘பி_செட்டப்.சி’யில் கோடுகளின் பட்டியலிலும் இது இருக்கிறது. 4 என்பது ஒரு வெறும் எண், கம்பைலர் எதைப் பார்த்துச் சந்தேகப்படும்? பாதி இடம் ஒதுக்கிவிட்டு முழுப் பட்டியலையும் எழுதினால் அடுத்த துண்டு நினைவகம் நாசம். மூன்று நாள் முன்பு என்னைக் காப்பாற்றிய அட்ரஸ் சானிட்டைசர் இங்கே குருடு: டூம் தொடக்கத்திலேயே ஒரு பெரிய துண்டை, இயல்பாக 6 மெகாபைட், ஒரே முறை வாங்கி, அதைத் தானே கூறுபோட்டுக்கொள்கிறது. உள்ளே ஒரு கூறு இன்னொன்றின் மேல் ஏறினாலும், சானிட்டைசரின் கண்ணுக்கு அது எல்லாம் ஒரே வீடு.

ஆகவே கோப்புகளுக்குள் தேடும் கிரெப் கட்டளையில் நட்சத்திரக்குறியும் 4உம் சேர்ந்து வரும் இடங்களைத் தேடி, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து, பாயிண்டர் என்றால் ‘சைஸ்ஆஃப்’ போடுங்கள். குறுக்குவழி இல்லை.

14 ஜூன் 2025, பகல் 1.30

“இவ்வளவு எதற்கு? ‘-எம்32’ போட்டு 32 பிட்டிலேயே கட்டினால் பாயிண்டர் மறுபடி 4 பைட்தானே?” என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

சரியான கேள்வி, நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது. ஃபெடோராவில் ஜிலிப்சி, எக்ஸ்11, எக்ஸ்எக்ஸ்ட் ஆகிய நூலகங்களின் 32 பிட் மேம்பாட்டுத் தொகுப்புகளை நிறுவி, ‘-எம்32’உம் ‘-எஸ்டிடி=ஜிஎன்யு89’உம் சேர்த்துக் கட்டினால், மேலே நான்கு நாளாக நான் புலம்பிய பாயிண்டர் சிக்கல்கள் அனைத்தும் இல்லாமல் போகும். விளையாடிப் பார்க்க மட்டும் விரும்புகிறவருக்கு அதுவே போதும். கேள்வி கேட்ட தம்பியும் அதைத்தான் விரும்பினார் போலும். நான்தான் அவரைத் தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு அலைந்தேன்.

ஆனால் இதை அவர் முதலில் கேட்ட ‘பிழையை எச்சரிக்கையாக இறக்கும் தெரிவு’ என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘-எம்32’ நிரல் எழுதப்பட்ட உலகத்தையே திருப்பிக் கொடுக்கிறது. நிரலின் அனுமானங்கள் அங்கே மெய். அவர் கேட்ட தெரிவான ‘-எஃப்பெர்மிசிவ்’ அப்படியல்ல. உலகம் மாறியது மாறியபடியே இருக்க, வாசற்காவலனின் வாயை மட்டும் கட்டுகிறது. அறிவிக்கப்படாத ஃபங்ஷன் ஒன்று பாயிண்டரைத் திருப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ‘இன்ட்’டைத் திருப்புவதாகக் கம்பைலர் ஊகித்து, எட்டு பைட்டில் நான்கை வெட்டிவிடும். ஜிசிசி 14 அதைப் பிழையாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம், அந்த ஊகத்தைச் சி மொழி 1999இலேயே கைவிட்டுவிட்டது என்பது இன்னொன்று.

15 ஜூன் 2025, இரவு 9.25

டூமில் இல்லாத ஒரு பொறியையும் எழுதிவைக்கிறேன், ஏனெனில் என் அலுவலகத்தில் போன ஆண்டு இரண்டு நாளை விழுங்கியது அதுதான்.

பழைய யூனிக்ஸ் மென்பொருள் பலவற்றில் ‘கான்ஃபிகர்’ என்ற ஸ்கிரிப்ட் முதலில் ஓடும். சின்னஞ்சிறு சோதனை நிரல்களை எழுதி, கம்பைல் ஆனால் ‘இந்த வசதி உண்டு’ என்றும், ஆகாவிட்டால் ‘இல்லை’ என்றும் குறித்துக்கொள்ளும். அந்தச் சோதனை நிரல்களும் பழைய சி மொழியில் எழுதப்பட்டவை. மெயினுக்கு முன்னால் வகை இருக்காது. ‘எக்ஸிட்’டை அழைப்பார்கள், அதற்கான ஹெடரைச் சேர்த்திருக்க மாட்டார்கள். ஜிசிசி 14இல் அவை கம்பைல் ஆகா. ஆகவே கணினியில் வசதி இருந்தும், இல்லை என்று எழுதிக்கொண்டு ஸ்கிரிப்ட் அமைதியாக மேலே போகும். மென்பொருள் ஒரு பிழையும் இல்லாமல் கட்டி முடியும். ஒரு வசதி மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். எங்களிடம் காணாமல் போனது கோப்புப் பூட்டு. இருவர் ஒரே நேரத்தில் எழுதும் வரை யாருக்கும் தெரியவில்லை.

பழைய கம்பைலரில் ஒரு முறை, புதியதில் ஒரு முறை கான்ஃபிகரை ஓட்டி, இரண்டு ‘கான்ஃபிக்.லாக்’ கோப்புகளையும் டிஃப் கட்டளையால் ஒப்பிட்டுப் பாருங்கள். ‘ஆம்’ என்பது ‘இல்லை’ என்று மாறிய ஒவ்வொரு வரியும் விசாரணைக்குரியது.

16 ஜூன் 2025, காலை 6.50

நேற்றைய குறிப்புக்கு வந்த கேள்வி: “கம்பைலர்காரர்கள் இதை யோசிக்க மாட்டார்களா?” யோசித்தார்கள். ஜிசிசி 14 வருவதற்கு முன்பே ஃபெடோரா குழுவினர் தம் தொகுப்புகளை இதற்காகவே சல்லடையிட்டுத் திருத்தினார்கள். அவர்கள் சல்லடைக்குள் வராதது உங்கள் வட்டிலும் என் வட்டிலும் கிடக்கும் பழைய டார் கோப்புகள் (மூலநிரல் பொதிகள்) தான்.

21 ஜூன் 2025, இரவு 11.40

64 பிட்டில், சி23இல், ‘-எஃப்பெர்மிசிவ்’ இல்லாமல், டூம் ஓடுகிறது. ‘இன்ஃபோ.சி’யின் வெற்று அடைப்புக்குறிகளுக்கு ஒவ்வொரு ஃபங்ஷனின் மெய்யான ஆர்க்யுமென்ட்டுகளையும் எழுதி, அட்டவணையில் வைக்கும் இடத்தில் வெளிப்படையாக வகைமாற்றம் கொடுத்தேன். சலிப்பூட்டும் வேலை, கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டுக்கொண்டே செய்து முடித்தேன்.

கடைசித் தடை கம்பைலரிடமிருந்து வரவில்லை. 256 நிறத் திரையில் மட்டுமே ஓடுவேன் என்று நிரல் மறுத்தது. இன்றைய திரைகள் எதுவும் அப்படியில்லை. ஸெஃபிர் என்ற உள்திரை நிரலை 640க்கு 480 அளவில், 8 பிட் நிற ஆழத்தில் திறந்து, அதற்குள் ஓட்டினேன். ஷேர்வேர் வாட் கோப்போடு முதல் அறை வந்தது, சுவர்கள் சுவர்களாக இருந்தன. வெளியேறும்போது அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தேன்: மவுஸின் வேகம் 5, விசைகள் எல்லாம் தத்தம் எண்ணோடு, உரையாடல் சொற்றொடர்கள் மேற்கோள் குறிக்குள் முழுமையாக.

ஒலி வரவில்லை. அது ‘/டெவ்/டிஎஸ்பி’ என்ற சாதனத்தைத் தேடுகிறது, இந்தக் கணினியில் அது இல்லை. திருத்தங்களைப் பேட்ச் கோப்பாகத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன்; ‘-எம்32’ போட்டு அவர் போன வாரமே மூன்றாம் கட்டம் வரை விளையாடி முடித்துவிட்டதாகப் பதில் வந்தது.